கோடை ஆய்வுக்குத் தலைப்பு: எட்டு வாரம்தான் இருக்கிறது

நண்பரே, 'தமிழ்ச் சிறுகதையில் பெண்கள்' என்ற தலைப்பை வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார் என்று வருந்துகிறீர்கள். அவர் செய்தது சரி. எட்டு வாரம் என்ன, எட்டு வருடமும் போதாது. 1933-இல் தொடங்கிய மணிக்கொடி என்ற பத்திரிகை, 1935-இல் எழுத்தாளர் பி.எஸ். ராமையா பொறுப்பில் சிறுகதை இதழானது. அந்த முதல் ஓராண்டுக் கதைகளில் பெண்கள் எங்கே பேசுகிறார்கள், எங்கே வாய்மூடி நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் எந்தெந்த இதழ்கள் கிடைக்கும் என்று முதலில் விசாரித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

சொந்தக் கதையும் சேர்க்கலாமா என்றீர்கள். தாராளமாக, ஆனால் ஒன்றே ஒன்று. அப்படி வாய்மூடி நின்றவள் ஒருத்தி தானே பேசுவதாக எழுதுங்கள். நான் அந்தக் காலத்தில் இப்படியொரு கோடை ஆய்வுக்கு விண்ணப்பித்தபோது, பன்னிரண்டு கதை எழுதுவேன் என்று அளந்துவிட்டேன். நேர்காணலில், "தூங்குவது எப்போது?" என்று கேட்டார்கள்.