கிராண்ட் பணத்தில் ஓடும் வேலை: பாப்பாவை அனுப்பலாமா?

பெரம்பலூரிலிருந்து எழுதிய அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் சார். பி.எஸ்சி. புள்ளியியல் முடித்த மகளை இன்னும் "பாப்பா" என்றே எழுதுகிறீர்கள். பெங்களூரில் ஒரு தொண்டு நிறுவனம், ஏஐ வேலை, மாதம் 38,000 ரூபாய், பதினோரு மாத ஒப்பந்தம். "டிரஸ்ட்ல எப்படி சார் சம்பளம் தருவாங்க, யார் காசு அது? பேசாம பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் எந்தக் கம்பெனி என்று சொல்வது என்பதையும் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதற்கு இருக்கிறது.

யார் காசு என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. இந்த வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகள் யாரும் அதைக் கேட்பதில்லை. நீங்கள் பருத்தி போடுகிறவர் என்பதால் பருத்தியிலிருந்தே சொல்கிறேன்.

2018-ல் மும்பையில் வாத்வானி ஏஐ என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் தொடங்கியது. ரொமேஷ், சுனில் என்ற வாத்வானி சகோதரர்கள் 3 கோடி டாலர் போட்டார்கள். அவர்கள் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று, உங்கள் எதிரியான இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இனக்கவர்ச்சிப் பொறி கட்டுவீர்கள் அல்லவா? அதில் விழுந்த அந்துப்பூச்சிகளை ஒரு தாளில் கொட்டி, செல்போனில் படம் எடுக்க வேண்டும். செயலி பூச்சிகளை எண்ணி, மருந்து அடிக்கலாமா, பொறுக்கலாமா என்று சொல்லிவிடும். காட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால், இணையம் இல்லாமலே போனுக்குள் ஓடும்படி மாடலை, அதாவது படத்தைப் பார்த்துப் பூச்சியை எண்ணும் ஏஐ நிரலை, சுருக்கினார்கள்.

2019-ல் கூகுளின் அறக்கொடைப் பிரிவான கூகுள்.ஆர்க் ஒரு போட்டி வைத்து, உலகம் முழுக்க இப்படி வேலை செய்கிறவர்களுக்கு மொத்தம் 2.5 கோடி டாலர் கொடுத்தது. 119 நாடுகளிலிருந்து 2,602 விண்ணப்பங்கள் வந்தன, தேறியவை 20. உகாண்டா நாட்டுத் தலைநகர் கம்பாலாவில் காற்று மாசு அளக்கும் மக்கரேரே பல்கலைக்கழகத்தோடு சேர்த்து வாத்வானிக்கும் கிடைத்தது: 20 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 14 கோடி ரூபாய்.

ஆக, சம்பளம் தரப் பணம் இருக்கிறது. கொஞ்சநஞ்சமும் இல்லை. ஆனால் இப்படிக் கொடுக்கும் கிராண்ட், அதாவது நிதிக்கொடை, முறைத்தண்ணீர் மாதிரி. இன்ன வேலைக்கு, இத்தனை மாதத்துக்கு என்று எழுதித்தான் வாய்க்காலில் விடுவார்கள். முறை முடிந்தால் மடையை அடைத்துவிடுவார்கள். அடுத்த முறை உண்டா என்பது பாப்பாவின் திறமையை மட்டும் பொறுத்ததில்லை.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் இப்படித்தான் ஓர் அமைப்பில் சேர்ந்தான். நல்ல மேலாளர், நல்ல வேலை. பிப்ரவரி கடைசியில் கூப்பிட்டு, "மார்ச் 31-ஓட ப்ராஜெக்ட் முடியுது தம்பி" என்றார்கள். தன் சம்பளம் முழுக்க ஒரே கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. சேரும்போது அதைக் கேட்கச் சொல்லி நானும் அவனிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்கிறேன்.

இந்தப் பணம் எந்த வழியாக வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். என்றால், பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டத்தால் வரும் பணம். அது நிதியாண்டுக் கணக்கோடு ஓடும். அதனால்தான் மார்ச் மாதம் வந்தால் தொண்டு நிறுவன ஊழியர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லி சன்சத் மார்க்கில் இருக்கும் எஸ்பிஐ கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். ஒரு நிறுவனம் வாங்கியதை இன்னொன்றுக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவு முன்பு 50 சதவீதம் வரை போகலாம், இப்போது 20-தான். பதிவு கையை விட்டுப் போனால், கொடுப்பவர் தயாராக இருந்தாலும் பணம் உள்ளே வராது. பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இன்னொன்று, பலர் ஏமாறுவது. ஒரு பெரிய டெக் கம்பெனி "இத்தனை லட்சம் டாலர் உதவி" என்று அறிவித்தால் அதில் ஒரு பகுதி கிளவுட் கிரெடிட்டாக இருக்கலாம். அவர்களுடைய சர்வரை இலவசமாகப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். அதை வைத்துச் சம்பளம் போட முடியாது.

உள்ளூர்ப் பணமும் உண்டு. 2022 ஜூலையில் நந்தன், ரோகிணி நிலேகனி தம்பதியின் அறக்கொடை 36 கோடி ரூபாயை சென்னை ஐஐடியில் உள்ள ஏஐ4பாரத் மையத்துக்குக் கொடுத்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு மொழிபெயர்ப்பு, பேச்சறிதல் மாடல்களை உருவாக்கி எல்லாரும் பயன்படுத்தத் திறந்துவிடுகிறார்கள். அங்கே கோடிங் தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை என்று இல்லை. மொழி தெரிந்தவர்களுக்கும் வேலை உண்டு.

பாப்பா படித்த படிப்புக்கு இதில் என்ன இடம் என்றால், மும்பையின் அர்மான் அமைப்பைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கும் போனில் இலவசமாகக் குரல் செய்தி அனுப்புகிறார்கள். கொஞ்ச நாளில் பலர் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். சுகாதாரப் பணியாளர் நேரில் கூப்பிட்டுப் பேசினால் திரும்ப வருவார்கள், ஆனால் வாரத்துக்குக் கொஞ்சம் பேரிடம்தான் பேச முடியும். யாரைக் கூப்பிடுவது? கூகுள் ஆய்வாளர்களோடு சேர்ந்து சுமார் 23,000 பெண்களிடம் ஏழு வாரம் சோதித்தார்கள். மாடல் சொன்னவர்களைக் கூப்பிட்ட பிரிவில், கேட்பதை விடுவது சுமார் 30 சதவீதம் குறைந்தது. முழுக்கப் புள்ளியியல் கேள்வி இது. ஒப்பீட்டுக் குழு எப்படிப் பிரிப்பது, தற்செயல் எவ்வளவு என்று பாப்பா மூன்று வருடம் படித்ததுதான்.

இப்போது ஆஃபர் லெட்டர். நான்காம் பக்கத்தில் "கன்சல்டன்ட்" என்று இருக்கிறது. அப்படியென்றால் பி.எஃப். கிடையாது. 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் கையில் 34,200 வரும். வருட வருமானம் இவ்வளவுதான் என்றால், கணக்குத் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கிவிடலாம். அதைச் செய்ய மறந்துவிடாதீர்கள். ஊழியராகவே எடுக்க முடியுமா என்று ஒரு தடவை கேட்கட்டும். முடியாது என்றால் மனம் விட்டுவிட வேண்டாம், கிராண்ட் வேலைகளில் இது சகஜம்.

என் கருத்து: அனுப்புங்கள், ஒரு நிபந்தனையோடு. அவள் சம்பளத்துக்கான பணம் எந்த மாதம் வரை கையில் இருக்கிறது, அதைக் கொடுக்கும் டோனர் (நன்கொடையாளர்) ஒருவர்தானா, இரண்டு மூன்று பேரா என்று அவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். பதினோரு மாதத்துக்காவது இருக்கிறது, இன்னொரு டோனரும் உண்டு என்றால் போகட்டும். "அதெல்லாம் வந்துடும்" என்று மழுப்பினால் வேண்டாம். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது, ஆண்டறிக்கையையே அனுப்பிவிடும்.

பேங்க் எக்ஸாம் எங்கும் ஓடிப்போகாது. ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி அதிகாரி (பி.ஓ.) தேர்வுக்கு 20 முதல் 30 வயது வரை, ஓபிசிக்கு இன்னும் மூன்று வருடம் கூடுதல். பாப்பாவுக்கு 21. இரண்டு வருடம் இங்கே இருந்துவிட்டு வந்தாலும் கதவு திறந்தே இருக்கும். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் கொஞ்சத்தை அவள் பேரில் தனியாகப் போட்டு வையுங்கள், ஒப்பந்தம் முடியும் மாதத்துக்கு. சாயங்காலம் தெம்பு இருந்தால் சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயன்ஸ் படிப்பில் சேரலாம். ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஹெச்.ஆர். கூப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பாப்பாவே பேசட்டும் சார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் மாதத்தை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.