தாய்லாந்தின் பழைய செலடான் (பச்சைப் பூச்சிட்டுச் சுட்ட பீங்கான்) கிண்ணத்தையும் சீனத்துச் செலடானையும் எப்படி வேறுபடுத்துவது?

கவிழ்த்துப் பாருங்கள். நான் காசைத் தொலைத்துக் கற்ற பாடம் இது.

பாங்காக்கில் வேலை பார்த்தபோது, 'ஐந்நூறு வருஷத்துப் பொருள்' என்று சந்தையில் ஒருவர் நீட்டிய பச்சைக் கிண்ணத்தை வாங்கிவிட்டேன். உள்ளே தாமரை இதழ் கீறியிருந்தது. கீறலுக்குள் பூச்சு தேங்கி அங்கே மட்டும் பச்சை கூடியிருந்தது. மயிரிழை விரிசல்கூட உண்டு. அடிப்பக்கம் மட்டும் வழவழவென்று துடைத்துவிட்ட மாதிரி.

அதுதான் கோளாறு என்று புரிந்தது சில மாதம் கழித்து, சி சட்சனாலை போனபோது. சுகோதாய் மாகாணத்தில், யோம் ஆற்றங்கரை ஊர். இதன் பழைய பெயர்களில் ஒன்று சவன்கலோக். வேறொன்றுமில்லை, நம்ம சொர்க்கலோகம்தான். 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை இங்கே சுட்டெடுத்ததைத்தான் சங்கலோக் என்கிறார்கள். பக்கத்தில் கோ நோய் என்ற கிராமத்தில் தோண்டியெடுத்த சூளைகளைக் கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். (கோ நோய் என்றால் சின்னத் தீவு. நம் காதுக்குத்தான் ஒரு மாதிரி.)

அங்கேதான் அந்த மண்குழாய்த் துண்டுகளைப் பார்த்தேன். பாத்திரத்தைச் சூளைத் தரையில் அப்படியே வைக்காமல், குழாய் போன்ற ஒரு தாங்கியின் மேல் ஏற்றிச் சுட்டிருக்கிறார்கள். சுட்ட பிறகு தட்டிப் பிரித்தால், அடியில் குழாயின் வாய் அளவுக்கு ஒரு கருத்த வளையத் தழும்பு நிற்கும். சவன்கலோக் செலடானில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். செலடானுக்குப் பேர்போன சீனத்து ஊர் லோங்சுவான்; அங்கே செய்த பெரிய தட்டுகளிலும் வளையம் உண்டு, ஆனால் அது பூச்சை வழித்தெடுத்த இடம். செங்கல் நிறத்தில் சிவந்திருக்கும். மண்ணும் வேறு. தாய்லாந்து மண் சற்றுக் கரடு, சாம்பல் நிறத்தில் கரும்புள்ளி தெரியும். சீன மண் நைசானது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மரச்சாம்பல் கலந்த பூச்சில் இரும்பு மிகக் கொஞ்சம்தான். சூளைக்குள் காற்றைக் குறைத்து எரித்தால் அந்த இரும்பு பச்சையாகும், காற்று புகுந்தால் மஞ்சளோ பழுப்போ ஆகிவிடும். ஒரே சூளையில் வெந்த இரண்டு கிண்ணங்களே ஒரே பச்சையாக இருக்காது.

சுகோதாயை ஆண்ட ராம்கம்ஹேங் மன்னர் சீனாவிலிருந்து குயவர்களைக் கூட்டிவந்தார் என்ற கதையையும் கேட்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அகழ்ந்து பார்த்தால் உள்ளூர்க் குயவர்களே படிப்படியாகத் தேறி வந்தது அடுக்கடுக்காகத் தெரிகிறது. சீனத்தால் கிடைத்தது வேறு ஒன்று: 1371இல் மிங் அரசர் தனியார் கடல் வாணிபத்துக்குத் தடை போட்டதும் சந்தையில் சீனச் சரக்கு குறைந்தது, அந்த இடத்தில் இவர்கள் புகுந்தார்கள். மலேசியக் கடலில் மூழ்கிக் கிடந்த ராயல் நன்ஹாய் கப்பலிலிருந்து சி சட்சனாலை செலடான் ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

சரி, வாங்கலாமா? வளையம் இருந்தாலே அசல் என்று ஆகிவிடாது; அதைப் போலியாகச் செய்வது பெரிய வித்தை இல்லை. அசலாகவே இருந்தாலும், தாய்லாந்தின் நுண்கலைத் துறை அனுமதி இல்லாமல் பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. என் கிண்ணத்துக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. வாசல் அலமாரியில் சாவிக்கொத்து போட்டு வைத்திருக்கிறேன்.