சீருடை

அன்புள்ள ஐயா,

தத்துவவாதி இம்மானுவேல் லெவினாஸ் ஐந்து ஆண்டுகள் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாக இருந்து உயிரோடு திரும்பினார் என்று உங்கள் உரையில் சொன்னீர்கள். அவர் யூதர். யூதர் என்பதற்காகவே லட்சக்கணக்கில் கொன்ற காலத்தில் இது எப்படி நடந்தது? ஏதாவது சலுகையா? முகாமுக்கு வந்த நாயின் கதையையும் பாதியில் விட்டுவிட்டீர்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சலுகையெல்லாம் இல்லை. அவர் உடம்பில் பிரெஞ்சு ராணுவச் சீருடை இருந்தது, அவ்வளவுதான். ரஷ்ய, ஜெர்மன் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் 1940 ஜூனில் ரென் நகரில் பிடிபட்டார். போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் பிரான்சும் ஜெர்மனியும் கையெழுத்திட்டிருந்தன. மேற்கத்தியக் கைதிகளைத் தொட்டால் அந்தப் பக்கம் மாட்டிய தங்கள் ஆட்களுக்கும் அதே கதிதான் என்ற கணக்கும் இருந்தது.

கிழக்கே அந்தக் கணக்கு கிடையாது. பிடிபட்ட சோவியத் வீரர்களில் யூதர்களைப் பிரித்தெடுத்துச் சுட்டார்கள். போலந்துக் கதைதான் எனக்கு இன்னும் கொடூரமாகப் படுகிறது. 1939இல் பிடிபட்டு உயிர்தப்பிய யூதச் சிப்பாய்களில் பெரும்பாலோரைச் சில மாதங்களில் ‘விடுதலை’ செய்து ஊருக்கு அனுப்பினார்கள். சீருடை போனதும் அவர்கள் வெறும் யூதர்கள். யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற நகரப்பகுதி, அப்புறம் கொலைமுகாம். அதே ராணுவத்தின் யூத அதிகாரிகளை விடுவிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்!

லெவினாஸ் வீட்டிலும் கிட்டத்தட்ட இதுதான். லித்துவேனியாவின் கௌனஸில் சுதந்திரமாக இருந்த அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள். பாரிஸில் மாமியாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. மனைவியும் மகளும் ஒளிந்து தப்பினார்கள். மகளை வைத்திருந்தது ஒரு கத்தோலிக்கக் கன்னியர் மடம். கம்பிவேலிக்குள் இருந்தவர் மட்டும் ஹானோவருக்கு அருகே ஃபாலிங்போஸ்டல் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். யூதர்கள் எழுபது பேர், தனிக் குழு. வெவ்வேறு இனத்தாரைக் கூடுமானவரை ஒரே முகாமில் சேர்க்க வேண்டாம் என்று ஜெனீவா ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவிலேயே ஒரு வரி உண்டு. குழுவின் எண் 1492. ஸ்பெயின் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்திய ஆண்டு அது. அவர் கண்ணிலிருந்து இது தப்பவில்லை.

சரி, நாய். எங்கிருந்தோ வந்த தெருநாய், பாபி என்று பெயர் வைத்தார்கள். காலையில் வரிசையில் நிற்கும்போது வரும், மாலையில் வேலை முடிந்து திரும்பினால் குதித்துக் குரைத்து வரவேற்கும். வழியில் எதிர்ப்பட்ட பெண்கள், குழந்தைகள் பார்வையில்கூட இவர்கள் மனிதர்களாக இல்லை. நாய்க்கு அதில் சந்தேகமே வரவில்லை. மனிதரை மனிதராக மதிக்க வேண்டும், எல்லோருக்கும் பொதுவிதியாகக்கூடிய கொள்கைப்படியே நடக்க வேண்டும் என்றவர் ஜெர்மன் தத்துவவாதி கான்ட். நாஜி ஜெர்மனியின் கடைசிக் கான்ட்டியவாதி அந்த நாய்தான் என்று லெவினாஸ் முப்பது வருடம் கழித்து எழுதினார். பலரும் இந்த வரியோடு நிறுத்திக் கண் கலங்குகிறார்கள். கூடவே அவர் சொன்னது, கொள்கைகளைப் பொதுவிதியாக்கத் தேவையான மூளை அதற்கு இல்லை என்று. எனக்கு அந்த இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதி வேண்டாம்.

நாய் இருந்தது சில வாரங்கள்தான். காவலர்கள் துரத்திவிட்டார்கள்.