அமராவதி மணலில் கிடைத்த காசுகள்

கேள்வி: கரூரில் ஜவுளி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அமராவதி ஆற்று மணலில் பழங்காசு தேடுவது நான்கு வருடப் பழக்கம். இதுவரை பதினொரு செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டர் வைத்து வயலில் தேடுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்தபின், நானும் ஒன்று வாங்கிக் கரையோர மேட்டில் தேடலாம் என்று ஆசை. போலீஸ் வரும் என்று மனைவி பயப்படுகிறார். வாங்கலாமா? காசுகளைப் புளி போட்டு விளக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்

பதில்: முதலில் புளியைத் தள்ளி வையுங்கள். பத்து வயதில், பாட்டி வீட்டுக் கொல்லையில் கிடைத்த ஒரு செப்புக்காசைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். களிம்போடு எழுத்தும் போய்விட்டது. அது யார் காசு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இன்றும் மனம் ஆறவில்லை. பழைய செம்பில் மேற்பரப்பு உலோகமே களிம்பாக மாறியிருக்கும். எழுத்து அந்தப் பச்சைப் படலத்தில்தான் தங்கியிருக்கும். புளிப்பு அதைக் கரைத்துவிடும். கரூர்க் காசுகளில் மாக்கோதை, கொல்லிப்பொறை என்று சேரர் பெயர்களே வாசிக்கப்பட்டிருக்கின்றன. உங்களிடம் சதுரக் காசு இருக்கிறதா? ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் வில் அம்பும் தெரிந்தால் அது சேரர் காசாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, எந்த இடத்தில், எந்த நாளில் எடுத்தீர்கள் என்று உறைமேல் எழுதி வையுங்கள்.

டிடெக்டர் வேண்டாம். ஆற்று மணலில் கிடைக்கும் காசு ஏற்கெனவே வெள்ளம் இழுத்து வந்தது. அது முதலில் கிடந்த இடம் போய்விட்டது. கரையோர மேடு அப்படி இல்லை. அங்கே மண்ணடுக்கு கலையாமல் இருக்கலாம். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டுதான் கி.மு. 580 என்ற காலக்கணிப்பைத் தந்தது. கரிக்கும் பானை ஓட்டுக்கும் பாசிமணிக்கும் டிடெக்டர் சத்தம் போடாது. ஒரு காசுக்காக நீங்கள் தோண்டும் குழியில் அவை எல்லாம் கலந்துவிடும். அப்புறம் எந்த ஆய்வாளர் வந்தாலும் அந்த இடத்தின் காலத்தைச் சொல்வது கடினம்.

இங்கிலாந்திலும் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அரசு அனுமதியின்றி டிடெக்டர் பயன்படுத்துவது குற்றம். 1996 சட்டப்படி, புதையல் என்று தெரிந்தால் 14 நாட்களுக்குள் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். வீடியோவில் இதெல்லாம் வருவதில்லை.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைகூடக் கிடைக்கலாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அந்த வியாபாரத்தில் இறங்கக் கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. யாராவது விலை பேசி வந்தால் பிடி கொடுக்காதீர்கள். இந்தப் பதினொன்றையும் உறைகளோடு அருங்காட்சியகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறை அலுவலகத்துக்கோ எடுத்துப்போய்க் காட்டுங்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு எழுத வேண்டுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். நீங்களாக முன்வந்து காட்டுவது உங்களுக்கும் பாதுகாப்பு.

சரி, ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது? தேடும் கண் உங்களுக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். டிடெக்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல கேமராவும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்குங்கள். தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் விடாமல் எழுதிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். பிறகு ஒரு காலையில் மனைவியையும் அழைத்துக்கொண்டு புகழூர் ஆறுநாட்டான் மலைக்குப் போங்கள். சமண முனிவர் செங்காயபனுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி அங்கே பாறையில் இருக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோ, பேரன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர்களை நீங்களே எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.