ஹை-எண்ட் ஆடியோ, அதாவது விலை உயர்ந்த, மிகத் தரமான ஒலிக் கருவிகள் செய்யும் கம்பெனிகளில் ஆரம்பித்தவரே வெளியே போவது ஏன் இவ்வளவு சகஜமாக இருக்கிறது?

"முதலீட்டாளர்களின் பேராசைதான் காரணமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. ஆனால் முதலீட்டாளர் உள்ளே வருவதற்கான கதவைத் திறந்து வைத்திருப்பவர் பெரும்பாலும் ஆரம்பித்தவரேதான்.

ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது என் தொழில். பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு நண்பரும் பத்து பவர் ஆம்ப் செய்து விற்கப் பார்த்தோம். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டு), கேபினெட் எல்லாமே அப்படித்தான். நான்கு விற்றது. மீதி ஆறும் மூலையில் கிடக்கும்போதே, அவுட்புட் ஸ்டேஜை, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதியை, மாற்றினால் இன்னும் நன்றாக வருமே என்று நான் சர்க்யூட்டைத் திருத்த உட்கார்ந்துவிட்டேன். நண்பர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்தத் தொழிலின் நோயே இதுதான். விற்பது கொஞ்சம். பணம் முழுக்க இரும்பிலும் அலுமினியத்திலும் முடங்கிக் கிடக்கும். புது மாடல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே பழையதை யாரும் வாங்க மாட்டார்கள். ஆரம்பித்தவருக்கோ அடுத்த மாடல்தான் உயிர்.

சால் மராண்ட்ஸ் 1953-ல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ரிச்சர்ட் செக்வெரா வடிவமைத்த மாடல் 10 என்ற எஃப்எம் ட்யூனரின் முகப்பில், சிக்னலைக் கோடாக வரைந்து காட்டும் சின்ன ஆசிலோஸ்கோப் திரையே இருக்கும். சேகரிப்பாளர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். ஆனால் அதை உருவாக்கிய செலவில் கம்பெனி தள்ளாடியது. 1964-ல் சூப்பர்ஸ்கோப் என்ற நிறுவனத்திடம் விற்றார்கள். முகப்பில் இருந்த மராண்ட்ஸின் பெயரும் கூடவே போனது.

இந்தப் பெயர் விஷயத்தில்தான் ஆடியோ தொழில் மற்றத் தொழில்களிலிருந்து கொஞ்சம் வேறுபடுகிறது. சர்க்யூட்டை யாரும் பிரித்துப் பார்த்து நகல் எடுக்கலாம். வாங்குபவர் காசு கொடுப்பது முகப்பில் பொறித்திருக்கும் பெயருக்கும், அதன் பின்னால் இருப்பதாக அவர் நம்பும் காதுகளுக்கும். அப்படியென்றால் கம்பெனியின் மிகப் பெரிய சொத்தே அந்தப் பெயர்தான். பணம் போடுகிறவர் அதை விட்டுவிட்டா கையெழுத்துப் போடுவார்?

ஜேபிஎல் ஸ்பீக்கரை எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் இருந்தவர் ஜேம்ஸ் பி. லான்சிங். பிறந்தபோது அவர் பெயர் ஜேம்ஸ் மார்ட்டினி. லான்சிங் என்பது அவரே பிறகு தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயர். 1941-ல் அவருடைய லான்சிங் மேனுஃபேக்சரிங் கம்பெனியை ஆல்டெக் என்ற நிறுவனம் வாங்கி, ஆல்டெக் லான்சிங் ஆனது. அங்கே வேலை செய்வதாகப் போட்ட ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும், 1946-ல் வெளியே வந்து லான்சிங் சவுண்ட் என்று புதிதாக ஆரம்பித்தார். அந்தப் பெயர் குழப்பம் தரும் என்று ஆல்டெக் ஆட்சேபித்தது. அதனால்தான் அது ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் ஆனது. ஸ்பீக்கர் வடிவமைப்பில் மேதை, கணக்கு வழக்கில் சுத்தமாகத் தேறாதவர். கடன் ஏறிக்கொண்டே போக, 1949-ல் 47 வயதில் தற்கொலை செய்துகொண்டார். கம்பெனியை நிமிர்த்தி எடுத்தவர் வில்லியம் தாமஸ். இன்று உலகம் முழுக்க விற்கும் அந்தப் பெயரால் லான்சிங்குக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

மார்க் லெவின்சன் கதையில் நீதிமன்றமே வருகிறது. 1972-ல் கனெக்டிகட்டில் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். எல்என்பி-2 என்ற ப்ரீ-ஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் வரும் கருவி) அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. வெளி ஆட்களின் பணம் உள்ளே வந்தது. 1984-ல் கம்பெனியின் சொத்துகள் மாட்ரிகல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின, அவர் பெயர் உட்பட. அவர் செல்லோ என்று அடுத்த கம்பெனி ஆரம்பித்ததும் மாட்ரிகல் வழக்குப் போட்டது. மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு சுவையானது: வணிகப் பெயரை விற்றாயிற்று, அதைப் பொருளின் மேல் போட முடியாது, ஆனால் செல்லோவில் தான் இருப்பதாகச் சொல்லிக்கொள்வதைத் தடுக்கவும் முடியாது. அதாவது மனிதர் வேறு, பிராண்டு வேறு. பிறகு அந்தப் பெயர் ஹார்மன் என்ற பெரிய ஆடியோ நிறுவனத்துக்குப் போய், லெக்சஸ் கார்களின் ஒலிக் கருவிகளில் ஏறியது. 2017-ல் ஹார்மனையே சாம்சங் வாங்கியது. லெவின்சன் பின்னாளில் தொடங்கிய கம்பெனிக்கு டேனியல் ஹெர்ட்ஸ் என்று பெயர். டேனியல் அவர் அப்பாவின் பெயர், ஹெர்ட்ஸ் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்.

எல்லோரும் சோகமாகவே முடிந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஹென்றி க்ளாஸ் கம்பெனிகளை விட்டு வெளியே வருவதையே வழக்கமாக வைத்திருந்தவர் மாதிரி எனக்குத் தோன்றும். அகூஸ்டிக் ரிசர்ச் என்ற ஸ்பீக்கர் கம்பெனியை எட்கர் வில்சரோடு சேர்ந்து தொடங்கினார். பிறகு 1957-ல் கேஎல்ஹெச் கம்பெனி, அதை சிங்கர் நிறுவனம் வாங்கிய சில வருடங்களில், 1967-ல் அட்வென்ட். அங்கே ஸ்பீக்கரில் வந்த காசைப் பெரிய திரை புரொஜெக்‌ஷன் டிவியில் கொட்டினார். முடிவில் அங்கேயும் தலைமை கைவிட்டுப் போனது. மனிதர் அசரவில்லை. 2000-ல் டிவோலி ஆடியோவுக்கு ஒரு மேசை ரேடியோ வடிவமைத்துக் கொடுத்தார்.

தப்பித்தவர்? போஸ் ஸ்பீக்கர் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ். பங்குச் சந்தைப் பக்கமே போகவில்லை. 2011-ல் பெரும்பான்மைப் பங்குகளை எம்ஐடி-க்குக் கொடுத்தபோதும், வாக்குரிமை இல்லாத பங்குகளாகவே கொடுத்தார். ஹை-எண்ட் ஆட்கள் அவர் ஸ்பீக்கர்களைக் கிண்டல் செய்வது தனிக் கதை. ஆனால் 2024-ல் ஹை-எண்ட் ஆம்ப்ளிஃபயருக்குப் பேர்போன மெக்கின்டாஷ் குழுமத்தையே வாங்கியது அவர் விட்டுச்சென்ற கம்பெனிதான்.

அப்புறம் டான் டி'அகோஸ்டினோ. 1980-ல் கனெக்டிகட்டில் மனைவி ராண்டியோடு கிரெல் என்ற ஆம்ப்ளிஃபயர் கம்பெனி ஆரம்பித்தார். 2009-ல் முதலீட்டாளர்கள் வந்தார்கள், அந்த வருடமே அவர் வெளியே போக வேண்டியதாயிற்று. அடுத்து அவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் டான் டி'அகோஸ்டினோ மாஸ்டர் ஆடியோ சிஸ்டம்ஸ். லெவின்சனும் அதே கனெக்டிகட்டில்தான் தொடங்கினார், அவர் கதை இவருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இந்த முறையாவது வக்கீலை அருகில் உட்கார வைத்துக் கையெழுத்துப் போட்டிருப்பார் என்பதுதான்.