லாமாஸ் அறுவடை நாளுக்கு முதன்முதலாக ரொட்டி சுடுவோருக்கு

கேள்வி: பேகன் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாட்டை இன்று மீட்டெடுத்துப் பின்பற்றும்) நண்பர்கள் ஆகஸ்ட் 1 அன்று கொண்டாடும் லாமாஸ் அறுவடை விழாவுக்கு என்னை வீட்டு ரொட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ரொட்டி சுட்டதே இல்லை. எளிதாக எதைச் செய்யலாம்?

பதில்: இதுவரை சுட்டதே இல்லை என்கிறீர்கள், அப்படியென்றால் இந்நேரம் கோதுமைக் கதிர்க்கட்டு வடிவில் பொன்னிறமாக மின்னும் ரொட்டிகளின் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தப் பக்கம் போகாதீர்கள். போய்ப் பட்டவள் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் சோமர்செட்டில், கிளாஸ்டன்பரிக்கு அருகே நான் குடியிருந்தபோது, அடுத்த வீட்டு அம்மையார் தம் குழுவினரின் லாமாஸ் கூடுகைக்கு என்னை அழைத்தார். அது 2021 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் நீங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "ஒரு ரொட்டி மட்டும் போதும்" என்றுதான் அவர் சொன்னார். வெளியூர்க்காரி என்ன செய்துவிடப் போகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற வீம்பில் நான் கதிர்க்கட்டு ரொட்டியில் இறங்கினேன். அரை கிலோ மாவு, ஏழு கிராம் ஈஸ்ட், 320 மில்லி வெதுவெதுப்பான நீர் என்று சாதாரண ரொட்டிக்கான அளவில் பிசைந்து, அந்த மாவிலேயே கதிர்த் தண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டி அடுக்கி, கதிர்மணிகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, வழக்கப்படி தண்டுகள்மேல் ஒரு சிறு மாவு எலியையும் உட்கார வைத்தேன். பிறகு, நன்றாகப் பொங்கட்டும் என்று முக்கால் மணி நேரம் விட்டதுதான் பிழை. அடுப்பிலிருந்து வெளியே வந்தது காலிஃபிளவர், எலி பெருச்சாளியாகியிருந்தது. கதிர்க்கட்டுக்கு ஈஸ்டும் நீரும் குறைந்த விறைப்பான மாவு வேண்டும் என்பதையும், வடிவம் கொடுத்த பின் நெடுநேரம் பொங்க விடக் கூடாது என்பதையும் பின்னரே அறிந்தேன்.

கூடுகைக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அப்போது கைகொடுத்தது அயர்லாந்துக்காரர்களின் சோடா ரொட்டி. உங்களுக்கும் அதையே சொல்வேன். மைதா 250 கிராம், முழுக்கோதுமை மாவு 200 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து, நடுவே குழித்து, கெட்டியான புளித்த மோர் 350 முதல் 400 மில்லி வரை சிறிது சிறிதாக ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அடித்துப் பிசைந்தால் ரொட்டி கல்லாகிவிடும். மோரின் புளிப்புப் பட்டவுடனே சோடா வேலை செய்யத் தொடங்குவதால், மாவை ஊறவும் விடாதீர்கள். உருட்டித் தட்டி, மேலே ஆழமாகச் சிலுவைபோல் கீறி, முன்பே சூடேற்றிய ஓவனில் 220 டிகிரியில் 15 நிமிடமும், 200 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 25 முதல் 30 நிமிடமும் சுடுங்கள். அடியில் தட்டினால் வெற்றுப் பானைபோல் ஒலிக்க வேண்டும்.

பேகன் விழாவில் சிலுவை எதற்கு என்று யாராவது இங்கே வருவார்கள். அந்தக் கீறல் நடுப்பகுதி வேகவும் எளிதில் பிட்டுக்கொள்ளவும் உதவுகிறது. மேலும், லாமாஸ் என்னும் பெயரே 'ரொட்டிப் பூசை' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. புதுக் கோதுமையின் முதல் ரொட்டியைத் தேவாலயத்தில் புனிதப்படுத்திய நாள் அது. அந்த ரொட்டியை நான்காகப் பிட்டுக் களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் தூவினால் தானியம் காக்கப்படும் என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பு ஒன்று உண்டு. அதே நாளில் வரும் அயர்லாந்தின் லூனசா விழா, லூ என்னும் தெய்வத்தின் பெயரைத் தாங்கியது. இன்றைய பேகன்கள் கொண்டாடும் எட்டு விழாக்கள் கொண்ட ஆண்டுச் சக்கரமோ இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. சோடா ரொட்டியும் அயர்லாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. ஆகவே தொன்மை போதாது என்று என்னிடம் சண்டைக்கு வருவோர், தங்கள் சடங்கின் வயதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இந்தத் தொன்மைப் பேச்சை நம்பித்தான், அங்கே ஒரு கடையில் 'சடங்கு மாவு' என்று துணிப்பையில் கட்டி விற்றதை மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கி ஏமாந்தேன். அது சாதாரண முழுக்கோதுமை மாவேதான்; நீங்கள் பக்கத்துக் கடை மாவையே வாங்குங்கள்.

கொண்டாடும் நாள் காலையிலேயே சுடுங்கள், ஏனெனில் சோடா ரொட்டி மறுநாளே வறண்டுவிடும். அன்று என் ரொட்டியின் ஒரு துண்டை அம்மையார் முதலில் வயலோரத்தில் மண்ணுக்கு வைத்துவிட்டு, மீதியைக் கையாலேயே பிட்டு வெண்ணெயோடு எல்லோருக்கும் கொடுத்தார். மறைத்து எடுத்துப்போயிருந்த காலிஃபிளவரைக் குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதிலும் பெருச்சாளிக்குத்தான் போட்டி.