வரமா, வாரக் கெடுவா?

கேள்வி: ஐரோப்பிய இசையமைப்பாளர் பாக் ஆயிரத்துக்கும் மேல் இசைப் படைப்புகள் எழுதியிருக்கிறார். இன்னொரு இசையமைப்பாளர் மொஸார்ட் 35 வயதில் இறப்பதற்குள் 600-க்கும் மேல். இது தெய்வ வரம்தானே? என் மகன் ஒரே ஒரு பாட்டுக்கு மெட்டமைக்க ஆறு மாதமாகத் திணறுகிறான். வரம் இல்லை என்று விட்டுவிடச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: சொல்லாதீர்கள் ஆச்சி. வரம் என்ற ஒரு சொல் அவர்கள் பட்ட பாட்டையெல்லாம் மூடி மறைத்துவிடுகிறது.

1723-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைப் பொறுப்பை ஏற்றார் பாக். அடுத்த சில வருஷம், ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் வழிபாட்டுக்கு ஒரு கான்டாட்டா வேண்டும். அது குழுவாகப் பாடவும் வாத்தியங்கள் வாசிக்கவும் அரைமணி நேரம் போல வருவது. திங்கட்கிழமை ‘மனசு வரவில்லை’ என்று உட்கார முடியாது. அவர் எழுத எழுத மனைவியும் பிள்ளைகளும் மாணவர்களும் படியெடுத்தார்கள். பழைய இசைக்குப் புது வார்த்தை பொருத்தியதும் உண்டு. 1734-இன் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ என்ற நீண்ட பக்தி இசைப் படைப்பில், முன்பு அரச குடும்பத்து விழாக்களுக்காக எழுதியது நிறையவே இருக்கிறது. அது குறையில்லை, தொழில் தெரிந்தவன் செய்வது.

நம் பக்கத்தில் பர்மாவில் நம்மவர் நடத்திய வட்டிக் கடைக்குப் போன பெட்டியடிப் பையனை, அதாவது பணப்பெட்டி அருகே உட்கார்ந்து தொழில் கற்பவனை, நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் பெட்டியடியில் உட்கார்ந்தவன், கடைப் பொறுப்பாளருக்கு அடுத்தாளாக உயரும்போது வட்டிக் கணக்கை வாயாலேயே போடுவான். அதை யாரும் வரம் என்று கும்பிடவில்லை. மொஸார்ட்டுக்கு அந்தப் பெட்டியடி, இசைக்கலைஞரான அவர் அப்பா லியோபோல்டின் வீடு. ஐந்து வயதிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்.

எண்ணிக்கையிலும் ஒரு விஷயம் இருக்கிறது: நாம் எண்ணுவது, காத்து வைத்ததால் மிஞ்சியதை மட்டும்தான். தியாகராஜர் கிருதிகள் 700 போல இன்று நம் கையில் இருப்பது, வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானத்துச் சீடர்கள் பாடியும் எழுதியும் காத்ததால். அவர் பாடியது எத்தனையோ!

உங்கள் மகனுக்கு ஒன்று சொல்லுங்கள். மூத்த இசையமைப்பாளர் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிய, நாலு பேர் தந்தி வாத்தியங்களில் வாசிக்கும் ஆறு படைப்புகளை முடிக்க மொஸார்ட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1785-இல் அச்சிட்டபோது, நீண்ட கடும் உழைப்பின் பலன் இவை என்று அவரே முன்னுரையில் எழுதினார். அவருக்கே அப்படியென்றால், ஆறு மாதம் பெரிய தாமதமில்லை. அவனுக்கு இப்போது வேண்டியது ஒரு கெடு. வரும் பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி மலையில் பாட ஒரு பாட்டு வேண்டுமென்று இன்றே கேட்டுவிடுங்கள்.